நிறுத்தி வைத்த வண்டி

ஜனவரி 3

மஸ்கடீன் ஏரிப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தாயிற்று. கிழக்கு டெக்சாஸில், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி, பைன் காட்டுக்கு நடுவே ஒரு ஏரி. அதைச் சுற்றிக் கூடாரம் போடவும் வண்டி நிறுத்தவும் இடங்கள். மார்ச் முடியும்வரை நாங்கள்தான் இங்கே கேம்ப் ஹோஸ்ட். அதாவது சம்பளம் இல்லாத வேலைக்காரர்கள். கழிப்பறை கழுவ வேண்டும், நெருப்புக் குழிகளில் சாம்பல் அள்ள வேண்டும், வருகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். பதிலுக்கு எங்கள் ஆர்.வி.யை நிறுத்த இடமும் தண்ணீரும் கரண்டும் இலவசம். ஹூஸ்டனில் பைப் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்து, வெல்டிங்கில் தலைமுடி அளவு கீறலைக்கூடக் கண்டுபிடித்து ஆட்களை நடுங்க வைத்தவன், ரிட்டயர் ஆனபின் பச்சை வெஸ்ட் போட்டுக்கொண்டு கக்கூஸ் கழுவுகிறேன். சந்தோஷமாகவே கழுவுகிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கியது என் யோசனை. பஸ் நீளம் இருக்கும். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. வடிவுக்கு அப்போது அரை மனசுதான். "சர்க்கஸ்காரங்க மாதிரி ஆயிட்டோம்" என்றாள். இப்போது எந்தப் பூங்கா, எத்தனை மாதம் என்று முடிவு செய்வதெல்லாம் அவள். இந்தக் குளிர்காலத்துக்கு நான் கேட்டது அரிசோனா. பாலைவனத்தில் நாள் கணக்கில் ஓட்டிக்கொண்டே போகலாம். அவள் எழுதிப் போட்டதோ இங்கே. முன்பு இருந்த பூங்காவிலிருந்து அரை நாள் பயணம்கூட இல்லை. "ஒரு எடத்துல உக்காந்து நாலு மனுசாளப் பாப்பம் அத்தான்" என்கிறாள். உட்காருவதற்கா வண்டி வாங்கினேன்?

வண்டியை ரிவர்ஸில் இடத்துக்குள் விடும்போது வழக்கம்போல மானம் போயிற்று. பின்பக்கக் கேமரா போன வருடமே செத்துவிட்டது. கேமரா எதற்கு, வடிவு இருக்கிறாளே. மற்ற தம்பதிகள் கையை ஆட்டி, விரலை மடக்கி, சத்தமே இல்லாமல் ரிவர்ஸ் எடுப்பார்கள். வடிவும் முன்பெல்லாம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். கொஞ்ச காலமாகக் கத்த ஆரம்பித்திருக்கிறாள். "வரலாம், வரலாம், வரலாம்! இடதுல ஒடிங்க! இன்னும் ஒடிங்க! ஹோல்டான்!" அவளுடைய அப்பா, அதாவது என் தாய்மாமன், தென்காசி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ரத்தம் எங்கே போகும்? பக்கத்து இடத்துக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

வலது பக்கம் ஒரு கம்பத்தில் லேசாக உரசிவிட்டது. அந்த இடத்தில் கம்பம் நட்டவனுக்கு மூளை இல்லை.

ஜனவரி 5

கடும் குளிர். தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. வடிவு தலை உலர்த்தும் மெஷினை எடுத்து வந்து ஊதியே உருக்கினாள்.

ஜனவரி 9

இந்தப் பூங்காவுக்கு ரேஞ்சர் டிரேஸி என்ற பெண். நாற்பது வயது இருக்கும், முரட்டு பூட்ஸ், மெல்லிய குரல். எங்களுக்கு ஒரு பேட்டரி வண்டி கொடுத்திருக்கிறாள், ரோந்து சுற்ற. சாவியை என்னிடம்தான் நீட்டினாள். வடிவு குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "எனக்கு இது வெளயாட்டு மாதிரி இருக்கு, நான் ஓட்டுதேன்" என்றாள். ஆசைப்படுகிறாள், ஓட்டட்டும். நான் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்து போகிறேன்.

இன்று அவள் செய்ததை எழுதியே ஆக வேண்டும். ஆறரை அடி ஆள் ஒருவன், கன்றுக்குட்டி அளவு நாயை அவிழ்த்து விட்டிருந்தான். நாயைக் கயிற்றில்தான் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். போன பூங்காவில் நான் இப்படி ஒருவனிடம் சட்டம் பேசப் போய் வாய்ச்சண்டை ஆகி, டிரேஸி மாதிரி ஒருத்தர் வந்து விலக்க வேண்டியதாயிற்று. வடிவு போனாள். அவன் இடுப்பு உயரம்தான் இருப்பாள். நாயின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "உங்க நாய் சொன்ன பேச்சைக் கேட்கும் போலிருக்கிறது. ஏரியில் இருக்கிற முதலைதான் கேட்காது" என்று தன் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சிரித்துவிட்டு வந்துவிட்டாள். நாங்கள் அடுத்த சுற்று வருவதற்குள் நாய் கயிற்றில் இருந்தது. அவளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இதை அவளிடம் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு புதுப் பழக்கம்தான் புரியவில்லை. நடக்கும்போது என் வலது பக்கம்தான் வருவேன் என்று அடம் பிடிக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இடது பக்கம் வந்தவள். வயதானால் ஆட்களுக்குப் புத்தி மாறும் போல.

ஜனவரி 14

பொங்கல். வண்டிக்கு வெளியே சின்ன அடுப்பில் பானை வைத்தோம். பொங்கி வழிந்தபோது பக்கத்து இடத்து அம்மாள் அடுப்பை அணைக்க ஓடி வந்தாள். வழிய வேண்டும், வழிந்தால்தான் நல்லது என்று வடிவு விளக்கினாள். சிமெண்ட் தரையில் பெரிய கோலம் போட்டிருந்தாள், அரிசி மாவில். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். பதினைந்து பேருக்காவது பொங்கல் போயிருக்கும்.

ஜனவரி 15

பொழுது விடிந்து கதவைத் திறந்தால் கோலத்தின் மேல் மரநாய் மாதிரி இருக்கும் ரக்கூன் குடும்பம் ஒன்று பந்தி உட்கார்ந்திருக்கிறது. மாவை நக்கி நக்கிப் பாதிக் கோலத்தைக் காலி செய்துவிட்டன. மீதியில் எறும்பு. "உணவை வெளியே வைக்காதீர்கள், வன விலங்குகள் பழகிவிடும்" என்ற அறிவிப்பை ஒவ்வொரு கம்பத்திலும் ஒட்டியது நாங்கள். கம்பம் கம்பமாக ஒட்டியவர்களே வாசலில் சாப்பாடு போட்டு வைத்தால் என்ன நியாயம்? டிரேஸி வந்து பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். "வாடிவூ, இது ரொம்ப அழகு. ஆனால் சாக்பீஸில் போட முடியுமா?" என்றாள். ஊரில் எறும்பு தின்னட்டும் என்றுதான் அரிசி மாவில் போடுவோம் என்று வடிவு சொன்னபோது டிரேஸி இன்னும் சிரித்தாள்.

கோலத்தின் வலது ஓரம் மட்டும் ஷூ தடம் மாதிரி மிதிபட்டுக் கிடந்தது. ரக்கூன் பெரிய சைஸ் என்றேன். வடிவு என் ஷூவை எடுத்து, அடியில் இருந்த மாவைத் துடைத்து வைத்தாள்.

ஜனவரி 22

நெல்லையப்பன் போன் செய்தான். எங்கள் ஒரே பிள்ளை, டல்லாஸ் பக்கம் வீடு. ஆபீஸில் அவனை 'நெல்' என்று கூப்பிடுகிறார்களாம்.

"அப்பா, மாடி ரூம் ரெடி. புது மெத்தை போட்டாச்சு. லைசென்ஸ் எப்ப முடியுது?"

இந்த மாதக் கடைசியில் என்றேன். நேரில் போய்க் கண் பரிசோதனை செய்து புதுப்பிக்க வேண்டும்.

"நீங்க சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறவரை ஓட்டுவோம், அது போனால் வண்டியை விற்றுவிட்டு உன் வீட்டுக்கு வந்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தது நான்தான். அப்போது அது ரொம்பத் தூரத்தில் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தீபாவளிக்கு அந்த மாடி ரூமில் இருந்தோம். பிள்ளையையும் மருமகளையும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் காலையில் எல்லோரும் கிளம்பிப் போனபின் வீடு ஓவென்று கிடக்கும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு வேலி. நான் டிவி முன்னால் உட்கார்ந்து சாயங்காலம் ஆகக் காத்திருந்தேன். வடிவு யாருமில்லாத சமையலறையைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தாள். இங்கே காலையில் கதவைத் திறந்தால் பத்துப் பேர் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்த மாடிப்படியில் ஏறவே பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டேன், போகட்டும்.

கண்ணில் கொஞ்சம் மங்கல் இருப்பது உண்மைதான். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும்.

ஜனவரி 30

பாஸ்!

லைசென்ஸ் ஆபீஸுக்கு, ஆர்.வி.க்குப் பின்னால் கட்டி இழுத்து வரும் எங்கள் சின்னக் காரில் வடிவுதான் ஓட்டி வந்தாள், என் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று. ஒரு பெட்டிக்குள் நேரே பார்த்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரை கடகடவென்று படித்தேன். கவுண்டரில் இருந்த பெண் "நல்ல கண்" என்றாள். கேட்டுக்கொண்டாயா என்பது போல வடிவைத் திரும்பிப் பார்த்தேன். எங்கே இருக்கிறாள் என்று கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. என் வலது தோளை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

நெல்லையப்பனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் "சந்தோஷம்ப்பா" என்றான், சந்தோஷம் இல்லாமல். வடிவும் வழியெல்லாம் ரோட்டையே பார்த்து ஓட்டினாள். வண்டி தப்பித்தது, நம் வாழ்க்கை தப்பித்தது, இவளுக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சல்தான். "இனிமே அரிசோனா" என்றேன். "எனக்கு மூட்டு வலிக்கு, அம்புட்டுத் தூரம் முடியாது" என்றாள்.

பிப்ரவரி 7

வடிவு இப்போது இங்கே பெரிய புள்ளி. யாராவது டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் தவித்தால் உடனே அவளைக் கூப்பிடுகிறார்கள். இன்று ஒரு இளம் ஜோடி, புது டிரெய்லர், கணவன் வலது என்றால் மனைவி இடது என்கிறாள், விவாகரத்துக்கு இன்னும் ரெண்டு திருப்பம்தான் பாக்கி. வடிவு பின்னால் போய் நின்றாள். "வரலாம், வரலாம், வரலாம்!" அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் அவள் குரல் ஏறினால் வருகிறான், இறங்கினால் மெதுவாக்குகிறான், "ஹோல்டான்" என்றால் நின்றுவிடுகிறான். ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மாமா உயிரோடு இருந்திருந்தால் விசில் அடித்திருப்பார். அவள் சேலைக்கு மேல் பச்சை வெஸ்ட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்தபோது, இவளைக் கட்டியவன் நான் என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பிப்ரவரி 9

டிரேஸி தயங்கித் தயங்கிச் சொன்னாள். காலை நேரத்தில் யாரோ கத்துகிறார்கள் என்று ஒரு வயதான கேம்பர் புகார் செய்தாராம். பெரிய விஷயம் இல்லை, சும்மா காதில் போட்டு வைக்கிறேன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மற்றவர்களை அமைதியாக இருக்கச் சொல்வது ஹோஸ்ட் வேலை. அதே ஹோஸ்ட் தென்காசி பஸ் ஸ்டாண்டை இங்கே கொண்டு வந்தால்?

"இனிமே நம்ம வண்டிக்காவது கத்தாத. எல்லாரும் செய்யுத மாதிரி கையக் காட்டு" என்றேன்.

"கையக் காட்டுனா உங்களுக்கு..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள்.

"எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"கடைசி வரிவரைக்கும் படிச்ச கண்ணு இது" என்றேன். நில், வா, இடது, வலது என்று நாலு சைகைகள் சொல்லிக் கொடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி செய்து காட்டினாள்.

பிப்ரவரி 11

எங்கள் இடத்துக்கு அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது. பள்ளம் தோண்ட வேண்டும் என்பதால் வண்டியைப் பக்கத்து இடத்துக்கு மாற்றினோம். வடிவுக்குக் கால் சறுக்கிவிட்டது. பைன் இலை, மழை ஈரம். இடது மணிக்கட்டில் சுளுக்கு.

பிப்ரவரி 12

எலும்பு முறியவில்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள். கட்டுப் போட்டிருக்கிறார்கள். சமையல், பாத்திரம், கழிப்பறை எல்லாம் நான். என் தோசை வட்டமாக வர மறுக்கிறது. டிரேஸி சூப் கொண்டு வந்தாள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டாள். பைன் இலை வழுக்கிவிட்டது என்று வடிவு சொன்னாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

பிப்ரவரி 13

பைன் இலை இல்லை.

அந்த இடத்தில் வலது பக்கம் பின்னால் ஒரு பெரிய ஓக் மரம். அதில் மோதாமல் பார்க்க வடிவு வலது பக்கம் நின்றாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே வாய் திறக்காமல் கையைக் காட்டினாள். கண்ணாடியில் மரம் தெரிந்தது, வானம் தெரிந்தது, அவள் தெரியவில்லை. விலகிப் போய்விட்டாள், எல்லாம் சரியாக இருக்கிறது போல என்று நினைத்து வந்துகொண்டே இருந்தேன். அவள் நில் என்று கையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றிருக்கிறாள். நான் நிற்பேன் என்று நம்பி நின்றிருக்கிறாள். வண்டியின் மூலை அவள் தோளைத் தள்ளியது. மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் விழுந்தாள். விழுந்த பிறகுதான் "ஹோல்டான்!" என்று கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் போய்ப் பார்த்தால் டயர் அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது.

"முன்னாலயே கத்துனா என்ன?" என்று அவளையே திட்டினேன்.

"நீங்கதான கத்தாதன்னு சொன்னீய" என்றாள்.

இன்று காலை ஏரிக் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து, இடது கண்ணை மூடி, நேரே பார்த்தேன். எதிர்க்கரையின் வலது பாதியைக் காணவில்லை. இருட்டாகவும் இல்லை, மங்கலாகவும் இல்லை. அங்கே ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. கையை மாற்றி மறு கண்ணை மூடினேன். அதிலும் வலது ஓரம் கொஞ்சம் இல்லை. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தேன்.

மத்தியானம் வடிவிடம் "எனக்கு வலது பக்கம் சரியாத் தெரியல" என்றேன். இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவள் ஒற்றைக் கையால் என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். "டாக்டரப் பாப்போம்" என்றாள்.

பிப்ரவரி 17

கண் டாக்டர். டிரேஸி தன் வண்டியில் கூட்டிப்போனாள். கண்ணுக்குள் அழுத்தமாம், கிளாக்கோமா. வலியே இல்லாமல் வருடக் கணக்கில் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும், நேரே பார்க்கும் பார்வை கடைசியில்தான் போகும் என்றார். லைசென்ஸ் கிடைத்த மர்மம் அதுதான். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

"வண்டி ஓட்டலாமா?" என்று கேட்டேன். லைசென்ஸ் பையில் இருந்தது, இன்னும் எட்டு வருடத்துக்குச் செல்லும்.

"நீங்கள் என் அப்பாவாக இருந்தால் சாவியை வாங்கிவிடுவேன்" என்றார். அவருக்கு என் பிள்ளை வயதுதான் இருக்கும்.

பிப்ரவரி 18

காலையில் வண்டிச் சாவியை எடுத்து வடிவு முன்னால் மேஜையில் வைத்தேன்.

"வண்டிய வித்துருவோம். நெல்லையப்பனுக்குப் போன் போடு."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மார்ச் முடியட்டும்" என்றாள்.

"முடிஞ்சா?"

"அடுத்த பார்க்குக்கு எழுதிப் போட்டாச்சு. ஏப்ரல்லருந்து ஜூன் வரைக்கும். இங்கருந்து ரெண்டு மணி நேரந்தான்."

"யாரு ஓட்டுவா?"

மடித்த துணியையே திரும்ப மடித்தாள். அப்போதுதான் எனக்கு ஏதோ தட்டியது.

"வடிவு, எனக்குக் கண்ணு போறது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஆர்கன்சாஸ்ல" என்றாள். "பெட்ரோல் பங்க்குல ஒருத்தரு உங்களுக்கு வலது பக்கமா நின்னு வழி கேட்டாரு. கைய நீட்டிட்டே நின்னாரு. நீங்க பாட்டுக்கு நடந்து வந்துட்டீய. நீங்க மனுசாளுக்குப் பதில் சொல்லாம வர்ற ஆளா? எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

ஆர்கன்சாஸ் போய் ரெண்டு வருடம் ஆகிறது. அதுவரை வாரத்துக்கு ஒரு ஊர் என்று ஓடிக்கொண்டிருந்தோம். அதற்கு அடுத்த மாதம்தான் வடிவு "ஹோஸ்ட் வேல பாப்பமா" என்று ஆரம்பித்தாள்.

"அதுக்குத்தானா ஹோஸ்ட் வேலை?"

"ஹோஸ்ட்டுன்னா மூணு மாசம் வண்டி நகராதுல்லா" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மூட்டு வலி, அரை நாள் தூரப் பூங்காக்கள், பேட்டரி வண்டிச் சாவி, என் வலது பக்கம் நடந்தது, கத்தினது, ஒவ்வொன்றாக வந்து நின்றது. அந்தப் பச்சை வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு நான் எவ்வளவு பெருமை அடித்திருக்கிறேன்! "என்னப் பச்சப்புள்ளையாட்டம் ஏமாத்திருக்க" என்று கத்தினேன். "மூஞ்சிக்கு நேர சொல்லுததுக்கு என்ன?"

"சொன்னா வண்டிய வித்துட்டு மாடி ரூம்ல போய்ப் படுத்துருவீய. நான் பாத்தேன்லா அந்தத் தீபாவளிக்கு, எப்படி இருந்தீயன்னு. கண்ணு போனாலும் பரவால்ல, நீங்க அப்படி ஆயிறக் கூடாதுன்னு இருந்துச்சு." பிறகு குரல் மாறிவிட்டது. "டாக்டர்ட்ட போவோம்னு மாசா மாசம் கேட்டேன். கண்ணாடி மாத்துனாச் சரியாப்போயிரும்னு தள்ளித் தள்ளி விட்டீய. நானும் புரைதான்னு நெனச்சேன். இப்படித் தின்னுக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா கையக் கால கட்டியாவது தூக்கிட்டுப் போயிருப்பேன்த்தான். அந்த ரெண்டு வருச மருந்து போச்சே."

அழுதாள். மாமா இறந்தபோது அழுததற்குப் பிறகு அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் மாதா மாதம் கேட்டாள், நான் மாதா மாதம் தள்ளினேன். இதில் அவள் அழ என்ன இருக்கிறது?

சாயங்காலம் தனியாக ரோந்து நடந்தேன், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு. ஒரு மனுஷனை ரோட்டிலிருந்து இறக்க வேண்டும். அவன் மானத்துக்கு ஒரு குறையும் வரக் கூடாது. கையில் துடைப்பத்தைக் கொடுத்து, அதையே அவன் பெரிய பதவியாக நினைக்கும்படி வைக்க வேண்டும். அதுவும் ரெண்டு வருடம், ஒரு முறைகூட முகத்தில் காட்டாமல். என்னால் ரெண்டு நாள் முடியாது. இந்த உலகத்தில் நான் பார்த்த கெட்டிக்காரர்களில் எல்லாம் பெரிய கெட்டிக்காரி என் மாமன் மகள்தான்.

பிப்ரவரி 19

நெல்லையப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப வந்துருங்கப்பா. நீங்கதான சொன்னீங்க" என்றான்.

"லைசென்ஸ் போனா வர்றேன்னேன். வீட்டுல ஒரு லைசென்ஸ் இருக்கு" என்றேன்.

"அம்மாவா? அந்த பஸ்ஸையா?"

"நானும் அதைத்தான் கேட்டேன்" என்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த வடிவு பின்னாலிருந்து சொன்னாள்.

மார்ச் 6

மணிக்கட்டுக் கட்டு அவிழ்த்தாயிற்று. டிரேஸி பூங்காவின் காலி மைதானத்தைத் திறந்துவிட்டிருக்கிறாள். வடிவு சீட்டில் ரெண்டு தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் முன்கண்ணாடி தெரிகிறது. கற்றுக்கொடுக்கிறவன் நான், திட்டுகிறவள் அவள். "இம்புட்டுப் பெரிய வண்டிய எதுக்கு வாங்கினீய?" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்கிறாள்.

மார்ச் 7

குப்பைத் தொட்டி ஒன்று காலி. டிரேஸி அது பழசுதான் என்றாள்.

மார்ச் 15

பயப்படுகிறாள். ராத்திரி படுத்தால் ஸ்டியரிங் கனவில் வருகிறதாம். "மாடி ரூமுக்கே போயிருவமா?" என்று இன்று அவளே கேட்டாள். எனக்காகத்தான் இதைச் செய்கிறாள் என்றால் வேண்டாம் என்றேன், மனசாரத்தான் சொன்னேன். "ஒங்களுக்காவத்தான் ஆரம்பிச்சேன்" என்றாள். "இப்ப யாராவது ரிவர்ஸ் எடுக்கக் கூப்புடலன்னா எனக்கே அன்னைக்குப் பொழுது போவ மாட்டேங்கு." எழுந்து போய்த் தலையணைகளை எடுத்து வந்தாள்.

மார்ச் 24

மைதானத்தைச் சுற்றி ஒரு முறைகூட நிற்காமல் எட்டுப் போட்டாள். பிறகு ஹைவேயில் டிரேஸி முன்னால் தன் வண்டியில் போக, பின்னாலேயே பக்கத்து ஊர்வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள். இறங்கியதும் நேரே போய் ஏரித் தண்ணீரில் முகம் கழுவினாள். முதலை இருக்கிறது என்று நான் கத்தினேன். "அது என்னப் பாத்துத்தான் இன்னைக்குப் பயப்படும்" என்றாள்.

மார்ச் 31

கிளம்பினோம். டிரேஸி வடிவைக் கட்டிக்கொண்டு அழுதாள், என் கையைக் குலுக்கினாள். நெல்லையப்பன் காலையிலேயே மூன்று முறை போன் செய்துவிட்டான். மூன்றாவது முறை வடிவு, "வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்போது வண்டி கிளம்பவே இல்லை.

பூங்காவின் சாலை ஹைவேயில் சேரும் இடம் ஒரு மாதிரி சாய்வாக இருக்கும். நாங்கள் இடது பக்கம் திரும்ப வேண்டும். வலது பக்கம் பைன் மரங்கள் மறைக்கும். ஓட்டுகிறவர் எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் அந்தப் பக்கம் சரியாகத் தெரியாது. நான் ஓட்டின காலத்தில் இந்த மாதிரி இடங்களில் பக்கத்தில் இருக்கும் வடிவுதான் பார்த்துச் சொல்வாள்.

வண்டி அங்கே வந்து நின்றது. அவள் ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வலது பக்கம் பாத்துச் சொல்லுங்கத்தான்" என்றாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். "எங்கிட்டயா கேக்க?"

"பெறகு இங்கன வேற யாரு இருக்கா? கழுத்த நல்லாத் திருப்பிப் பாருங்க."

கழுத்தைத் திருப்பினேன். போதவில்லை. பெல்ட்டைத் தளர்த்தி, தோளைத் திருப்பி, ஜன்னலை ஒட்டி முழு உடம்பையும் வலது பக்கம் கொண்டுபோனேன். சாலை என் கண்ணுக்கு நேரே வந்தது. மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

"நில்லு. லாரி வருது."

லாரி போயிற்று. அதன் காற்றில் எங்கள் வண்டி ஆடியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இன்னொரு முறை பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது.

"போ" என்றேன்.

அவள் வலது பக்கம் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்துவிட்டாள்.